கண்ணாயியின் உருளாத பலாப்பழம்

மலைமேல் பெரக்கரை நாட்டுக் கண்ணாயி எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பும் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதிவிடுவாள். மகளிர் குழுப் பயிற்சியில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. முதலில் பிரச்சினை, பிறகு யோசனை, பிறகு சோதனை, கடைசியில்தான் முடிவு. கோழிக்கூண்டுக்குக் கதவு எந்தப் பக்கம் என்பதற்கே நான்கு தாள் ஆனது. அதற்குள் கோழி பக்கத்து வீட்டில் முட்டையிடத் தொடங்கிவிட்டது.

போன ஆனி மாதத் தாள் பலாப்பழத்தைப் பற்றியது. சேந்தமங்கலம் சந்தைக்கு அவள் பஸ்ஸில் கொண்டுபோன பழம், கொண்டை ஊசி வளைவொன்றில் உருண்டு கண்டக்டர் அர்த்தனாரியின் கணுக்காலைப் பதம் பார்த்துவிட்டது.

"இன்னொருக்கா உருண்டுச்சுன்னா உங்க பழத்த ஏத்த மாட்டேனுங்க," என்று அவர் நொண்டிக்கொண்டே சொன்னார்.

மலைப்பாதையில் எழுபது வளைவு. சந்தை நேரத்துக்கு வேறு பஸ் இல்லை. மரத்திலோ இன்னும் முப்பது பழம். அத்தனையும் ஈ மொய்த்துப் போகுமே என்று கண்ணாயி காலண்டர் தாளைத் திருப்பினாள்.

'பிரச்சினை: பழம் உருளுது' என்று எழுதினாள்.

"கண்டக்டரு கோவிச்சுக்கறாருன்னு எழுது புள்ள. நாலு சுளை குடுத்தாத் தீந்துச்சு," என்றார் அவள் கணவர் வெங்கிடுசாமி.

அதையும் எழுதி, அடித்தாள்.

சோதனை வாசலில் நடந்தது. மண் அள்ளும் தள்ளுவண்டியில் பழத்தை வைத்து வெங்கிடுசாமி எழுபது தடவை வளைக்க வேண்டும், எண்ணுவது கண்ணாயி. சாக்கில் போட்டால் பழம் சாக்கோடு உருண்டது. காம்பில் கயிறு கட்டினால் ஒன்பதாவது வளைவில் காம்பு மட்டும் மிஞ்சியது. பலகைப் பெட்டி அசையவே இல்லை. ஆனால் அது பஸ் கதவுக்குள் நுழையாது என்று அளந்த பிறகுதான் தெரிந்தது.

"பழத்த உடு, எனக்கு ஊடே சுத்துது," என்று வெங்கிடுசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அலுத்துப்போய்ப் பழத்தைத் தலையில் தூக்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. தோட்டத்து இறக்கத்தில் இருபது வருடமாகத் தலைச்சுமையாக வந்த பழம் ஒன்றுகூட உருண்டதில்லையே.

"அப்ப பஸ்லயும் தலையிலயே வெச்சுக்கிட்டு நில்லு," என்றார் வெங்கிடுசாமி.

அதையும் எழுதினாள். பஸ் கூரை இடிக்கும் என்று அடித்தாள். பிறகு தலையைத் தடவிப் பார்த்தாள். பழத்தை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது தலை அல்ல, பழைய சேலையை வளையமாகச் சுருட்டி வைத்த சும்மாடு. வண்டியில் சும்மாட்டைப் போட்டுப் பழத்தை அதில் அமுக்கினாள். வெங்கிடுசாமி மறுபடியும் எழுபது தடவை வளைத்தார். பழம் அசையவில்லை.

சந்தை நாளன்று பஸ் தரையிலும் அப்படியே வைத்தாள். அர்த்தனாரி பழத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றார். அதில் கம்பியைப் பிடிக்க மறந்துவிட்டார். பஸ் சட்டென வளைந்தது. பழம் இருந்த இடத்தில் இருந்தது. அர்த்தனாரி கடைசி சீட்டு வரை உருண்டு போய்த்தான் நின்றார்.

எழுந்து வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"ஏனுங்க அக்கா, இனிமே ரெண்டு பழமாவே ஏத்துங்க," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் அந்தச் சும்மாடு ஒண்ணு சுருட்டிக் குடுங்க."

கண்ணாயி மடியிலிருந்து புதுத் தாளை எடுத்தாள். 'பிரச்சினை: கண்டக்டரு உருளுறாரு' என்று எழுதினாள்.