மெத்தை போட்ட சாம்பியன்

என் அக்கா வீட்டுக்காரர் ரொட்டி கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். அதை அவரிடமே சொன்னால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். தன்னை ரேஸ் டிரைவர் என்றுதான் சொல்லிக்கொள்வார். ரேஸ் நடப்பது அக்காவின் படுக்கையறை மூலையில். தெருவில் அவருக்குச் சாம்பியன் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர் என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

அந்த மூலையில் ஒரு ஆபீஸ் நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பலகையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். முன்னால் டிவி, நடுவில் வீடியோ கேம் ஸ்டீயரிங், கீழே மூன்று பெடல். மணிக்கணக்காக உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால், பழைய தலையணையைப் பிரித்து ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தார். மேஜை போட வீட்டில் இருந்த ஒரே இடம் அந்த மூலைதான். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கட்டிலில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

நானும் அங்கேதான் இருந்தேன், வேலை தேடுகிறேன் என்ற பெயரில், முன்னறை சோபாவில். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. மெக்கானிக்கல். வளர்ந்த ஒரு மனிதர் பொம்மைச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாயால் உறுமுவதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும்.

ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் ட்ராக்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பணம் கட்டி வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வேகமாகச் சுற்றிக் காட்டும் வேலை. தேர்வு மூன்று ரவுண்டு. அதில் ஒன்றையாவது எழுபத்திரண்டு செகண்டுக்குள் முடிக்க வேண்டும்.

"எவனோ அந்த ட்ராக்க அப்படியே கேம்ல வரைஞ்சு போட்டிருக்கான். நாலு வருஷமா அதத்தான் ஓட்டுறேன். கண்ண கட்டிவிட்டாலும் வந்துருவேன்" என்றார்.

"கண்ண தொறந்துகிட்டே வாங்க, போதும்" என்றாள் அக்கா. "வந்தா சந்தோஷம். ஒரு செகண்டு கூடினாலும் அந்த நாற்காலி வெளிய போகணும். பாப்பாவுக்கு மேஜை வரணும். சரியா?"

"சரி" என்றார். விட்டுக்கொடுக்கிற மகாராஜா போல.

வேடிக்கை பார்க்கத்தான் நான் கூடப் போனேன். அக்குளில் அந்த மெத்தையை இடுக்கிக்கொண்டு வந்தார்.

"மாமா, ரேஸுக்குப் போறோமா, ராத்தங்கப் போறோமா?"

"சும்மா இரு மாப்ளே. பழகின சீட்டு வேணும். உசரம் மாறினா பார்வை மாறிடும்."

பயிற்சியாளர் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். மெத்தையைக் கண்டதும் சிரித்தார். "என்னண்ணே, தூங்க வந்தீங்களா?" மாமா அதைக் கார் சீட்டில் கட்டியதும், நகராமல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, பெல்ட்டை இறுக்கி, பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

நான் வேலி ஓரத்தில் நின்றேன். முதல் இரண்டு வளைவுகளை மாமா எடுத்த விதத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது வளைவில் நிம்மதியாகச் சிரித்தேன். காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போவது வேலிக்கு வெளியே நிற்கும் எனக்கே தெரிந்தது. உள்ளே இருந்த சாம்பியனுக்குத் தெரியவில்லை. கார் ஒரு முழுச் சுற்று சுற்றிப் புல்லைப் பார்த்து நின்றது. இரண்டாவது ரவுண்டில் பயந்து பயந்து ஓட்டி எண்பத்தொன்று.

இருவரும் இறங்கி வேலியருகே வந்தார்கள்.

"வண்டி சுத்தினதும் ஸ்டீயரிங்ல கட்டைவிரலால எதையோ தேடினீங்களே, என்னண்ணே அது?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

அவர் தரையைப் பார்த்தார். "மறுபடி ஆரம்பிக்கிற பட்டன்."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பயிற்சியாளர் சிரிக்கவில்லை.

"எங்க பிரேக் போடணும், எங்க திருப்பணும்னு அச்சு பிசகாம தெரியுது உங்களுக்கு. இங்க ஆறு மாசம் ஓட்டினவங்களுக்கே அது வராது. ஆனா வண்டி வழுக்குறது கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள நேரம் போயிடும். முதல்ல இடுப்புக்குத்தான் தெரியும். அந்த எடத்துல போய் பஞ்ச வெச்சு அடைச்சிருக்கீங்களே."

மாமா மெத்தையை அவிழ்த்து என் கையில் திணித்துவிட்டு ஏறினார். மூன்றாவது வளைவில் பின்பக்கம் லேசாக அசைந்தது. முன்சக்கரங்கள் உடனே எதிர்ப்பக்கம் திரும்பின. கார் நேராக வெளியே வந்தது. அந்த மெத்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செகண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். யாருக்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது.

எழுபத்திநாலு.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு..."

"மூணுதாண்ணே."

சாயங்காலமே நாற்காலியைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. மகள் மட்டும் மூலையைக் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

"மாப்ளே, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பானர எடு."

டப்பாவில் கிடந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். போல்ட்டில் வைத்தார், சும்மா சுற்றியது. திருப்பி எண்ணைப் பார்த்தார்.

"இது பன்னெண்டு. நீ படிச்சது மெக்கானிக்கல்தானே? ஸ்பானர கையால தொட்டிருக்கியா?"

"வரைஞ்சிருக்கேன்" என்றேன். "மூணு பக்கத்துல இருந்தும்."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக நான் அவரைப் பார்த்த பார்வையை அப்படியே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். எழுந்துபோய்த் தானே பத்தாம் நம்பரை எடுத்துக்கொண்டு, நாற்காலியோரம் கிடந்த மெத்தையை எடுத்து என் மடியில் போட்டார்.

"இந்தா. சோபால போட்டுக்க."