ஐந்து பேர் சீட்டில் ஆறாவது ஆள்

பேயில் எனக்கு நம்பிக்கை கிடையாது, கடவுளிலும் தேர்வுச் சமயத்தில் மட்டும்தான். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் அடுத்த வரியிலேயே ஒரு வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொல்லப்போவதில் ஒரே ஒரு சேலைதான் வருகிறது. அது பச்சை நிறம். அதைக் கட்டியிருந்தவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார், எனக்கு மீன் ரோல்ஸ் கொடுத்தார். நடுநிசி, நாய் ஊளை எதுவும் கிடையாது. ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, அந்த நாட்டில் ஜூனில் ராச்சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கும். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், என் மனைவி இன்னும் நம்பவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகான ஆண்டுகளில் நான் ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே என்கிற ஊரில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன், படித்தேன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அங்கே தமிழ்ப் பையன்கள் ஐந்து பேர் ஒரு வீடெடுத்துத் தங்கியிருந்தார்கள். தலைவன் பாஸ்கர், சென்னைக்காரன், பெற்ற அப்பாவையே 'நீ, வா, போ' என்கிற ரகம். அடுத்து வெங்கட், என் நெருங்கிய நண்பன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவன். அப்புறம் ரஃபி. அப்புறம் சேலத்திலிருந்து வந்த இரண்டு பேர், இருவருக்கும் பெயர் செந்தில், அதனால் ஒருவன் பெரிய செந்தில், இன்னொருவன் சின்ன செந்தில். நான் ஒரு செமஸ்டர் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, சாமான் அறையாக இருந்த ஒன்றில் குடியேறினேன். என் பெயர் கணேசன், ஆனால் என்னை 'எக்ஸ்ட்ரா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரே பெயரில் இருந்த இரண்டு பேரை ஒழுங்காக இரண்டாக எண்ணினவர்கள், தனிப்பெயரோடு வந்த என்னை உபரியாகத்தான் வைத்திருந்தார்கள்.

இதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த நாட்டு ரயிலில் வார இறுதிச் சீட்டு என்று ஒன்று இருந்தது. ஒரே சீட்டில் ஐந்து பேர் நாள் முழுக்க, விரைவு ரயிலைத் தவிர மற்றதில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். மாணவர்களின் நட்பு வட்டத்துக்கு அளவு எடுத்துத் தைத்தது அந்தச் சீட்டுதான். ஐந்து பேர் என்றால் நண்பர்கள், ஆறாவது ஆள் என்றால் குற்றம். அதனால் பரிசோதகர் வருகிறார் என்று தெரிந்ததும் ஒருவன் போய்க் கழிப்பறையில் ஒளிந்துகொள்ள வேண்டும். யார் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வோம், பாஸ்கரின் கம்பளித் தொப்பியில் ஆறு துண்டுத் தாள். ஒவ்வொரு தடவையும் என் பெயர்தான் வந்தது. எனக்கு ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தொப்பியைத் துவைக்கப் போட்டபோது பார்த்தால் ஆறு தாளிலும் என் பெயர். கேட்டதற்கு பாஸ்கர், "டெமாக்ரசின்னா அப்படித்தான் மச்சி, எல்லாரும் உனக்குத்தான் ஓட்டுப் போட்டோம்" என்றான். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய, தனியாக ஊர் சுற்றுவதற்குக் கழிப்பறையில் சுற்றுவது மேல் என்று இருந்த காலம் அது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஐந்து பேரில் ஒருவனாக எண்ணப்படுவது மட்டும்தான். அதற்காக அதிகாலையில் எழுந்து எல்லோருக்கும் லெமன் ரைஸ் கிளறுவேன்.

அந்த ஞாயிறு கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் போனோம். ரயில் கருங்காட்டு மலைக்குள் ஏறிக்கொண்டிருந்தபோது பரிசோதகர் வருகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். கழிப்பறைக் கதவில் 'பழுது' என்று ஒட்டியிருந்தது. திரும்பி வந்து உட்கார்வதற்கும் அவர் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. பெரிய உருவம், நரைத்த கிராப்பு, அம்மா மாதிரியான பெண். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேனாவால் ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணினார். பேனா என்மேல் நிற்காமல் போனது. "ஃப்யூன்ஃப். பாஸ்ட்" என்றார், ஐந்து, சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பாவம் பார்த்து விட்டுவிட்டார் என்று நான் கும்பிடப் போகிற நேரத்தில் அந்த அம்மா தன் தோள்பையைக் கழற்றி என் மடியில் வைத்தார். காலி இருக்கையில் வைப்பதுபோல், சரியாமல் இருக்கிறதா என்று ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு, அதிலிருந்து ஏதோ தேடி எடுத்துக்கொண்டு, பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியாக நானும் சிரித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் அந்த அம்மாவுக்குக் கண்பார்வை சரியில்லை என்று விட்டிருப்பேன். கான்ஸ்டன்ஸில் இறங்கியதும் பாஸ்கருக்கு விஞ்ஞானம் பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் பக்கத்துக் கடையின் தானியங்கிக் கதவுக்கு முன்னால் என்னை நிறுத்தினான். திறக்கவில்லை. குதிக்கச் சொன்னான், குதித்தேன். திறக்கவில்லை. ரஃபி என்னைத் தாண்டி ஒரு காலை நீட்டினான், திறந்தது. ஐஸ்கிரீம் கடையில் என் சுத்தமான ஜெர்மனில் கேட்டேன், கடைக்காரர் எனக்குப் பின்னால் நின்ற பாட்டியிடம் என்ன வேண்டும் என்றார். ஏரியில் குளிக்கிற இடத்தில் நுழைவுக் கட்டணம் வாங்குகிற பெண்ணின் மூக்குக்கு முன்னால் நான் எல்லோருடைய பைகளையும் சுமந்துகொண்டு உள்ளே போனேன், அவள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள், ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்று மத்தியானம் போல் நான் அங்கே சந்தோஷமாக இருந்ததே இல்லை. "கணேசா, நீ நம்ம நேஷனல் அசெட் டா" என்று பாஸ்கர் என் தோளில் கை போட்டான். கணேசா என்றான். எக்ஸ்ட்ராவுக்கு ஒரு பயன் கிடைத்துவிட்டது. ஊரில் ஒருவர் கண்ணுக்கும் தெரியாவிட்டால் என்ன, இந்த ஐந்து பேர் கண்ணுக்குத் தெரிகிறேனே என்று இருந்தது.

திரும்பும் ரயிலில் நான்கு பேர் எதிரும் புதிருமாகவும், நானும் ரஃபியும் நடைபாதைக்கு இந்தப்பக்கமும் உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் பாஸ்கர் தன் ஈரத்துண்டை எடுத்து என் மடியில் போட்டான். நான் தள்ளிவிட்டேன், கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் என் மடியில் பரப்பினான். "சீட் வழுக்குதுடா" என்றான் ரஃபியிடம். சரி, புது விளையாட்டு என்று நான் பேசாமல் இருந்தேன். என் லெமன் ரைஸ் டப்பாவைத் திறந்து ஐந்தாகப் பங்கு போட்டார்கள்.

"உப்பு கம்மி" என்றான் பெரிய செந்தில்.

"வராதவன் பண்ணிக் குடுத்ததே பெருசு. எக்ஸ்ட்ராவுக்கு எக்ஸாம் என்னைக்கு?" இது சின்ன செந்தில்.

"செவ்வாய்க்கிழமை. அவன் வராம இருந்ததே நிம்மதிடா" என்றான் ரஃபி, என் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்தபடி. "என் கசின் அக்டோபர்ல வரான். இவனை அந்த ரூம்லேர்ந்து எப்படிக் கிளப்பறது, அதை முதல்ல சொல்லுங்க."

"சொன்னாப் போயிடுவான். அவனுக்குக் கோபமே வராது மச்சி" என்றான் பாஸ்கர். "அடிச்சாலும் தேங்க்ஸ் சொல்லுவான்."

அப்போது வெங்கட், என் வெங்கட், "அவன் சிரிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? நாம எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் சிரிப்பான். ஜோக்கே அவனைப் பத்தித்தான்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு, என்னைப் போலவே சிரித்துக் காட்டினான். முதலில் இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம் மூக்கால் ஆரம்பித்து, எல்லோரும் நிறுத்தியபின் ஒற்றையாக நீண்டு. அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. அப்படிச் செய்ய ஒருவன் எத்தனை நாள் என்னைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். அந்த வகையில் அந்த வீட்டில் என்னை ஒருவன் கவனித்திருக்கிறான்.

நான், "டேய், போதும்டா, செம ஆக்டிங்" என்றேன். கை தட்டினேன். ஒருவனும் திரும்பவில்லை. பாஸ்கர் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஒரு ரகசியத்தை வாயில் வைத்திருந்ததாகச் சரித்திரம் கிடையாது என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன். ரயில் சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது. உள்ளே போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் எங்கள் முகங்கள் தெரிந்தன. ஆறு. நான்தான் எண்ணினேன்.

அப்போது வேறொரு பரிசோதகர் வந்தார், காதில் வளையம் போட்ட இளைஞர். சீட்டைப் பார்த்தார், எண்ணினார், என்மேல் வந்து நிறுத்தினார். ஆறு பேர் இருக்கிறீர்களே என்றார்.

எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அபராதம் போடப்போகிற ஒரு மனிதனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

"இல்லை, ஐந்துதான்" என்றான் பாஸ்கர் ஜெர்மனில்.

"அப்படியானால் இவர்?"

பாஸ்கர் நான் இருந்த இடத்தைப் பார்த்தான். முதலில் ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்ப்பதுபோல், அப்புறம் மெதுவாக முகம் வெளுத்து, யாரையோ பார்ப்பதுபோல். சட்டென்று என் மடியிலிருந்து துண்டை இழுத்துக்கொண்டான். "சாரி" என்றான். பரிசோதகரிடம், "இவரை எங்களுக்குத் தெரியாது" என்றான். ரஃபி நடுவே இருந்த பையைத் தன்பக்கம் நகர்த்திக்கொண்டு, பயணத்தில் முன்பின் தெரியாதவரிடம் சிரிப்போமே, பாதிச் சிரிப்பு, அதைச் சிரித்தான்.

"டேய் பாஸ்கர், விளையாட்டு போதும்டா" என்றேன்.

அவன் திடுக்கிட்டுப்போனான். "நீங்க தமிழாங்க?" என்றான். "என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நீங்க என்றான். பாஸ்கர். எனக்குள் ஏதோ ஒன்று அறுந்ததென்றால் அது அப்போதுதான், மடியில் பை வைத்தபோதும் இல்லை, கதவு திறக்காதபோதும் இல்லை.

பரிசோதகர் என் பாஸ்போர்ட்டை வாங்கி என் பெயரைப் பல்லில் கல் கடித்தாற்போல் உரக்கப் படித்தார். "நம்ம எக்ஸ்ட்ரா பேருடா" என்று சின்ன செந்தில் கிசுகிசுத்தான். "ஊருக்கு ஒரு கணேசன் இருப்பான், நாம ரெண்டு பேரு இல்லையா" என்றான் பெரிய செந்தில். பரிசோதகர் அபராதச் சீட்டைக் கையில் கொடுத்து, திரிபெர்க் என்கிற மலை ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டார். பிளாட்பாரத்தில் நின்று ஜன்னலைப் பார்த்தேன். ஐந்து முகமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது சிரித்துவிடுவார்கள், இப்போது பாஸ்கர் நாக்கை நீட்டுவான் என்று நின்றேன். ரயில் நகர்ந்தது. வேடிக்கை முடிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ள நான் சிரித்தேன். வழக்கம்போல் தனியாக.

"தம்பி, தமிழோ?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. அந்தப் பச்சைச் சேலை. பெயர் கிளாரா, யாழ்ப்பாணத்துப் பெண், அங்கே சொந்தக்காரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்துவிட்டு மாமியாரை அதே ரயிலில் ஏற்றிவிட்டு நின்றார். கையில் தட்டு.

"ஆமாக்கா. அஞ்சு பேர் டிக்கெட், நான் ஆறாவது. ஃபிரண்ட்ஸ் உள்ள போறாங்க. சும்மா கலாட்டா பண்றாங்க."

"அந்த யன்னலோரம் இருந்த பொடியளோ?" அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். கலாட்டா பண்ற முகமில்லைத் தம்பி அது. அவங்கள் உங்களைக் கண்டு நல்லாப் பயந்துபோய் இருந்தவங்கள்."

நான் அபராதச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"யோசியாதேங்கோ. எங்களையும் இந்த நாட்டிலை உள்ளுக்கை இருக்குமட்டும் ஒருத்தரும் எண்ண மாட்டினம். வெளியாலை அனுப்புறதெண்டால் மட்டும் வடிவா எண்ணுவினம். இந்தாங்கோ, ரோல்ஸ் சாப்பிடுங்கோ. எங்கடை இவர் கார் வச்சிருக்கிறார், ஓஃபன்பூர்க் ஸ்டேஷன் மட்டும் கொண்டுபோய் விடுறம்."

அவருடைய கணவர் காரிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி, பின்சீட்டில் எனக்கு இடம் ஒதுக்கினார்கள். கார் கதவு எனக்காகத் திறந்தது. வழியெல்லாம் அக்கா பேசினார், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

ஓஃபன்பூர்க்கில் அடுத்த ரயிலைப் பிடித்து வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது ஐந்து பேரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கடா போன, லைப்ரரியா?" என்றான் பாஸ்கர். "லெமன் ரைஸ்ல உப்பு போட மறந்துட்டியா?" எக்ஸ்ட்ரா என்றுதான் கூப்பிட்டான், வாடா போடாதான். எனக்கு உயிர் வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. குட்டை உடைப்பார்கள் என்று அந்த வாரம் காத்திருந்தேன், அந்தக் கோடை முழுக்கக் காத்திருந்தேன். அக்டோபரில் ரஃபியின் கசின் வந்தான், நான் கிளம்பினேன். தேங்க்ஸ் சொன்னேனா என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு எல்லாத் தானியங்கிக் கதவும் எனக்குத் திறக்கிறது, யாரும் என்னை எண்ணாமல் விட்டதில்லை, குறிப்பாக வருமானவரிக்காரர்கள்.

போன வருஷம் சென்னையில் ஆறு பேரும் குடும்பத்தோடு ஒரு ஓட்டலில் சந்தித்தோம். எல்லோருக்கும் தொப்பை, பாஸ்கருக்கு மட்டும் இரண்டு பேருக்கு உண்டானது. ரஃபியின் மகள் பேய்க்கதை கேட்டாள். ரஃபி உடனே தோசையை விட்டுவிட்டு ஆரம்பித்தான்.

"ட்ரெயின்ல பார்த்தேன்மா, நிஜம். என் பக்கத்து சீட்டு காலி. டிக்கெட் செக்கர் வந்து கையைக் காட்டுறாரு, திரும்பிப் பார்த்தா ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். மடியெல்லாம் ஈரம். பாஸ்கரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அப்புறம் பிளாட்பாரத்துல நின்னு ஒரு சிரிப்பு சிரிச்சான் பாரு." அவன் என்னைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், நேராகக் கண்ணுக்குள். "நீ அன்னைக்கு வரலைடா கணேசா, தப்பிச்சே. இத்தனை வருஷத்துல அந்த முகம் மட்டும் மறக்கவே இல்லை. இன்னைக்கு எதிர்ல வந்து நின்னாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

பாஸ்கர் ஏதோ கிண்டலாகச் சொன்னான், மேசையே சிரித்தது. எல்லோரும் சிரித்து முடித்தபின், என்னையறியாமல், நானும் சிரித்துவிட்டேன்.

சட்னிக்கு நீண்ட ரஃபியின் கை பாதி வழியில் நின்றது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தன் மகளின் நாற்காலியை மெதுவாகத் தன்பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அந்தச் சட்னியைக் கொஞ்சம் தள்ளுறீங்களா?" என்றான்.

தள்ளினேன். ஐம்பதை நெருங்கினால் நண்பர்களுக்குள்ளும் மரியாதை வந்துவிடும் என்கிறாள் என் மனைவி. இருக்கலாம். ஆனால் பாஸ்கரோடு ரஃபி அன்று கிளம்புகிறவரை 'வாடா போடா' என்றுதான் பேசிக்கொண்டிருந்தான்.