மேஸ்திரியம்மாவின் ரகசிய வேண்டுதல்

“யாரும் இங்க நிக்கக் கூடாது. இது எனக்கும் கடவுளுக்கும் நடக்கிற பேச்சு” என்று கூடத்திலிருக்கும் அத்தனை பேரையும் விரட்டிவிட்டு, மர நாற்காலியில் உட்கார்ந்து மடியில் உள்ளங்கைகளை விரிக்கிறார் மேஸ்திரியம்மா. பிறகு கிசுகிசுக்கிறார். அதாவது, தாம் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொள்கிறார். அந்தக் கிசுகிசுப்பு மாடிப்படி ஏறி, சன்னலைத் தாண்டி, எதிர்வீட்டுக்காரரின் சவரக் கத்தியைப் பாதிக் கன்னத்தில் நிறுத்திவிடும்.

“கடவுளே, சின்னவன் சட்டையில புகை வாசனை அடிக்குது. நான் கேட்டா பொய் சொல்லுவான். நீயே கேளு.”

கடவுள் கேட்டாரோ இல்லையோ, தெரு கேட்டது. மாடியில் குடியிருக்கும் சின்ன மகன், எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவர், தலை நரைத்த மனிதர், அன்றைக்கே சிகரெட்டை விட்டார். “அம்மாகிட்ட மாட்டினாக்கூடப் பேசிச் சமாளிக்கலாம். இப்படி மேலிடத்துல புகார் கொடுத்தா நான் என்னதான் பண்றது?” என்பார்.

வயது தொண்ணூறை நெருங்குகிறது. ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு. கட்டட வேலைக்குப் போன கணவர் சாரம் சரிந்து விழுந்து இறந்தபோது கடைசிப் பிள்ளை பால்குடி மறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ரத்தக்கறைத் துணி அலசப் போய்ச் சேர்ந்தவர், அந்தக் கூடத்துக்கே மேஸ்திரியாகித்தான் வெளியே வந்தார். மடித்து முடித்த ஒவ்வொரு விரிப்பின் மீதும் ஒரு நொடி கை வைப்பாராம், இதில் படுக்கப்போகிறவர் எழுந்து வீட்டுக்குப் போகட்டும் என்று. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மூன்று பிள்ளைகளையும் கரையேற்றினார். மூத்தவர் பஸ் டிரைவரானார். மகள் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸானாள். “நான் வெளுத்த விரிப்புல என் மக ஆளைப் படுக்க வெச்சா” என்று சொல்லும்போது மேஸ்திரியம்மாவின் கழுத்து ஒரு விரற்கடை நீளும். நீளட்டுமே, வேறு யாருக்கு அந்த உரிமை?

ஆனால் சலவைக்கூடத்தின் ராட்சத மெஷின்கள் சும்மா விடவில்லை. காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. அவற்றின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. வேண்டுதல் ஊருக்கே கேட்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்ல மூத்த மருமகள் விட்டதில்லை.

அவளும் இப்போது பேரன் எடுத்துவிட்டாள். மாமியார் அவளை ஒருநாளும் நேரில் பாராட்டியதில்லை. “உப்பு ஒரு கல் தூக்கல்”, “துணியை உதறிக் காயப்போடு, சுருங்குது பாரு”, முகத்துக்கு நேரே இவ்வளவுதான். ஆனால் வேண்டுதலின் கடைசியில் அவள் முறை வரும்.

“மூத்தவ இருக்காளே, வாய் கொஞ்சம் நீளம், அதை நீ கண்டுக்காதே. என் வயித்துல பொறக்காத மக அவ. இந்த வீடு நிக்கிறதே அவ கால்லதான். அந்த முழங்கால் வலியை எனக்குக் கொடுத்துட்டு அவளை விடு.”

அடுப்படியில் பால் பொங்கி வழியும். அணைக்கக் கை வராது. அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்வாள். செய்துவிட்டு, “உங்கம்மா இன்னைக்கும் குத்தம் சொல்லிட்டாங்க” என்று கணவரிடம் பொய்யாக அலுத்துக்கொள்வாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் லாரி ஒன்று குறுக்கே வந்தது. பின்னால் அது அடித்த ஹாரன் காதில் விழாமல் நடுரோட்டில் ஆற அமர நடந்த மேஸ்திரியம்மா, மயிரிழையில் தப்பினார். கேள்விப்பட்ட நர்ஸ் மகள் காது மெஷினோடு வந்து நின்றாள்.

“இந்த வயசுல அத்தைக்கு எதுக்கு இதெல்லாம்? உறுத்தும்” என்றாள் மருமகள்.

“ஏன் அண்ணி, லாரி ஏறினா உறுத்தாதா?”

மருமகளின் பயமே வேறு. மெஷினை மாட்டினால் அத்தைக்குத் தன் குரல் கேட்கும். கேட்டால் அடக்கிக்கொள்வார். அடக்கிக்கொண்டால் அந்த நாலு வார்த்தை போயே போச்சு. ஒரு மனுஷிக்குக் காது கேட்கக் கூடாது என்று நினைக்கிறோமே, நாமெல்லாம் ஒரு பெண்ணா என்று தன்னையே திட்டிக்கொண்டு, கடைசியில் அவளேதான் மாமியாரின் காதோர நரையை ஒதுக்கி மெஷினை மாட்டிவிட்டாள்.

அன்று முழுக்க வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. “குழாய் சொட்டுதே, எத்தனை நாளா?” “இந்த ஃபேன் ஏன் முனகுது?” வாய்க்குள் என்னவோ முணுமுணுத்த மூத்த மகனுக்கு, “ஹாரன் அடிச்சே பழகினவன்தானே, சத்தமாச் சொல்லு” என்று உடனடிப் பதில் கிடைத்தது.

மறுநாள் காலை வழக்கம்போல எல்லாரையும் விரட்டிவிட்டு உட்கார்ந்தார். “கடவுளே, மூத்தவனுக்கு...” என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். சொந்தக் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்திருக்க வேண்டும். மாடிப்படியைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் முகத்துச் சோப்பு நுரையோடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மேஸ்திரியம்மாவுக்கு விளங்கிவிட்டது.

அதன்பிறகு உதடு மட்டும்தான் அசைந்தது. மூத்தவனுக்கு என்ன கேட்டார், மகளுக்கு என்ன, சின்னவனுக்கு என்ன, ஒன்றும் தெரியவில்லை. மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். ஒரு சொல்கூட வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அவளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. சாக்குச் சொல்லக் கையில் வெங்காயம்கூட இல்லை.

கூடத்தில் நாற்காலி தரையை உரசும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். மேஸ்திரியம்மா எழுந்து, அந்தக் கனத்த நாற்காலியைத் தாமே இழுத்து, அடுப்படிப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்தார். மருமகளின் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு மெஷின்களின் இரைச்சலையே அடக்கிய அந்தப் பழைய குரலை எடுத்து, “மூத்தவ இருக்காளே...” என்று தொடங்கினார்.