சிக்கந்தர் அழித்த வீடியோ

என்னோடு வேலை பார்க்கும் சிக்கந்தர், போன வாரம் வத்தலக்குண்டு பஸ்ஸில் யாரோ ஒருவர் தோளில் சாய்ந்து வாயைப் பிளந்து குறட்டை விட்டான்.

நான் அதை வீடியோ எடுத்து, போனில் இடமில்லாததால் ஆபீஸ் சர்வருக்கு மாற்றியிருந்தேன்.

இன்று காலை கண்டுபிடித்துவிட்டான். "இப்பவே அழிக்கிறேன் பாரு" என்று தன் கீபோர்டை இழுத்தான்.

எங்கள் சர்வரில் ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர் வைக்கலாம். ஒரு பெயரை அழித்தாலும் மற்றதில் ஃபைல் உயிரோடு இருக்கும். நானும் அவசரமாக இரண்டாவது பெயர் கொடுக்கப் போனேன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் எண்டர் தட்டினோம்.

"அழிச்சாச்சு" என்றான்.

என் திரையில், அப்படியொரு ஃபைலே இல்லை என்று வந்தது. இம்மி நேரத்தில் முந்திவிட்டான். சத்தமில்லாமல் விண்டோவை மூடினேன்.

"ஒரு பேரைத்தான் அழிச்சிருக்க மாப்ள. இன்னொண்ணு எங்கிட்ட இருக்கு."

பாவம், செத்த நேரம் சர்வர் முழுக்கத் துழாவினான். இல்லாத பெயர் எப்படிக் கிடைக்கும்?

"அடுத்த மாசம் நிக்காஹ்டா. பொண்ணு வீட்டுல பாத்தா என்ன நெனப்பாக? என்ன வேணும், சொல்லு."

"மட்டன் பிரியாணி."

"அம்புட்டுதானே? வா."

சாப்பிட்டு வந்து, அவன் கண்ணெதிரே எதையோ தட்டி, "போயிருச்சு" என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டான்.

தயவுசெய்து யாரும் அவனை இங்கே டேக் செய்யாதீர்கள். கல்யாணப் பிரியாணி இன்னும் பாக்கி இருக்கிறது.