இரண்டுக்கு ஒன்று

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தறி இருக்கிறது. நெய்பவள் என் கணவரின் தங்கை. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் நெய்த பதினோரு சேலைக் கரைகளைப் படம் எடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் நாலு வரி எழுதி, ஒரு வெப்சைட் தொடங்கினேன். மூன்று மாதம் ஆகியும் அதைப் பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

அப்போதுதான் பார்வையாளர்களை மாற்றிக்கொள்ளும் தளம் ஒன்று கண்ணில் பட்டது. வேறொருவர் பக்கத்தை இருபது விநாடி திறந்து வைத்தால் எனக்கு அரைப் புள்ளி. ஒரு புள்ளி சேர்ந்தால் என் பக்கத்துக்கு ஓர் ஆளை அனுப்புவார்கள். இரண்டுக்கு ஒன்று விகிதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது பக்கம் திறந்தேன். மாலைக்குள் இருபது பேர் வந்திருந்தார்கள். சரியாக இருபது. சந்தோஷத்தை முந்திக்கொண்டு ஒரு கேள்வி வந்தது. நான் நாற்பது பேர் வீட்டுக்குப் போயிருக்கிறேன், என் வீட்டுக்கு இருபது பேர்தான் வந்திருக்கிறார்கள். மீதி?

தளம் நடத்துபவருக்கே எழுதினேன். மறுநாள் ஒளிக்காமல் பதில் போட்டார். மீதியில் கொஞ்சத்தைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு இனாமாகக் கொடுக்கிறார், மற்றதை விளம்பரக்காரர்களுக்கு விற்கிறார். தளம் ஓடுவதே அதில்தான். ஒன்றுக்கு ஒன்று தரும் வேறொரு தளத்தையும் தேடிப் பிடித்தேன். அங்கே ஐந்து விநாடி பார்த்தால் போதும். அப்படியென்றால் எனக்கு வருகிறவரும் ஐந்தே விநாடியில் கிளம்பிவிடுவார். விகிதத்தைப் பார்த்தால் லாபம், அவர் தங்கும் நேரத்தைப் பார்த்தால் நஷ்டம்.

அடுத்த ஞாயிறும் பழைய தளத்திலேயே உட்கார்ந்தேன்.

"அண்ணி, காலையிலேர்ந்து இன்னா பாத்துக்கினு இருக்கீங்க?" என்றாள் நாத்தனார் தறியிலிருந்து.

எல்லாவற்றையும் விளக்கினேன். கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "சரி, இப்ப மூடினீங்களே, அது இன்னா பக்கம்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. மூலையில் விநாடி குறைவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ நம்ம பக்கத்துக்கு வர்றவங்களும் அந்த நம்பரத்தானே பாத்துக்கினு இருப்பாங்க?"

என் தளத்தின் வருகைப் பதிவைத் திறந்தேன். வந்தவர்களில் ஒருவர்கூட இரண்டாவது படத்தைத் தொடவில்லை.

ஆனால் எனக்கு வருத்தத்தைவிட ஆர்வம்தான் வந்தது. இத்தனை நாள் யார் யார் பக்கத்தை நான் பார்க்காமலே மூடினேன்? அடுத்து வந்த பக்கத்தை விநாடி தீர்ந்த பிறகும் மூடவில்லை. எங்கோ ஒரு குளிர்ப் பிரதேசத்தில் வெங்காயத் தோலைக் கொதிக்க வைத்துக் கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றும் ஒரு பெண்ணின் பக்கம். முழுவதும் படித்தேன். நாத்தனார் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"வெங்காயத் தோல்ல இந்த மஞ்சளா? துவைச்சா நிக்குமான்னு கேளுங்க அண்ணி."

கேட்டேன். படிகாரம் சேர்த்தால் நிற்கும் என்று நீளமாகப் பதில் வந்தது. கூடவே ஒரு கேள்வி: சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் நூல் எப்படிப் பிரியாமல் இருக்கிறது?

அதற்கு நாத்தனாரே பதில் சொன்னாள். உடலில் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கரையின் ஊடை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புவதை மெதுவாக நெய்து காட்டினாள். செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பினேன். அந்தப் பெண் அதைத் தன் பக்கத்தில் போட்டு எங்கள் வெப்சைட் முகவரியையும் சேர்த்தாள்.

அந்த வாரம் அங்கிருந்து மூன்று பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் பதினோரு படங்களையும் பார்த்திருந்தார்.

"யாருன்னு தெரியுமா?" என்றாள் நாத்தனார்.

தெரியாது என்றேன். யாராயிருக்கும் என்று இரண்டு பேரும் சாப்பிடும்போதுகூடப் பேசிக்கொண்டிருந்தோம்.