எட்டு மிளகு

எது திறந்து கிடந்தாலும் எனக்கு இன்றும் பொறுக்காது. மருந்துப் புட்டி, பேனா, ஊறுகாய் ஜாடி என எல்லா மூடிகளையும் படுக்குமுன் இருமுறை பார்ப்பேன். கற்பூரத்தை மட்டும் வீட்டில் வாங்க விடுவதில்லை. வாசனை ஒத்துக்கொள்ளாது என்று மருமகளிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளைக்காரர் காலம். ஊட்டி கடைவீதியில் அப்பாவுக்கு மளிகைக்கடை, பின்கட்டில் வீடு. பதினாறு வயதில் அண்ணன் ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனான். அங்கே குளிர்காய்ச்சல். நடுக்கத்துக்கென்று யாரோ அபின் கொடுத்தார்கள். காய்ச்சல் போன பிறகும் அவன் அதை விடவில்லை. கண் செருகி வீடு வந்தவனை அப்பா பூட்டிவைத்துப் பார்த்தார், அடித்துப் பார்த்தார். தை பிறப்பதற்குள் தெளியாவிட்டால் வீட்டில் இடமில்லை என்றார்.

தாய்மாமன்தான் வழி சொன்னார்.

"ஏனுங்க மச்சான், ஒரேயடியா நிறுத்துனா பையன் தாங்கமாட்டானுங்க. கொஞ்சங்கொஞ்சமாக் கொறைக்கோணும். அக்கா கையில உட்டா, அவன் அழுததும் ரெண்டு மடங்கு உருட்டிக் குடுத்துப்போடும். கற்பூரமே கொறைக்கட்டுமுங்க."

அண்ணன் தின்னும் அபினுக்குச் சம எடையில் மாமனே ஒரு கற்பூரக்கட்டியைத் திறந்த டப்பாவில் போட்டு, சரக்கு அறையில் வைத்தார். தினமும் காலையில் அம்மா அந்தக் கட்டியைத் தராசில் வைத்து, அதற்கு ஈடாக அபின் நிறுத்துக் கொடுக்க வேண்டும். கட்டி காற்றில் கரையக் கரைய அபினும் குறையும். யாரும் டப்பாவைத் தொடக்கூடாது.

அண்ணன் மூக்கு ஒழுக, கால் குடைய, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். தெருப் பையன்கள் என்னை 'அபின் தம்பி' என்றார்கள். எனக்கு அவன்மேல் பரிதாபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. போதாக்குறைக்கு, நல்ல சரக்கு ஒன்று கண்ணெதிரே வீணாகிக்கொண்டிருந்தது. மிளகு போட்டு மூடினால் கற்பூரம் கரையாது என்று மளிகைக்கடைப் பிள்ளைக்குத் தெரியாதா? எடை போட்டு அம்மா போனதும் எட்டு மிளகைப் போட்டு மூடிவிடுவேன். மறுநாள் அம்மா வருமுன் மிளகை எடுத்துவிட்டு, டப்பாவைத் திறந்தே வைத்துவிடுவேன்.

கட்டி கரைவது நின்றது. அண்ணன்தான் கட்டியை மாற்றிவைக்கிறான் என்று அப்பா சந்தேகப்பட்டார்.

ஒரு மதியம் அண்ணன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டேன்.

"அப்பா! அண்ணன் கற்பூரத்தத் திருடறான்!"

அப்பா படிக்கல்லைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "இத்தன நாளா எங்களயே ஏமாத்துனயாடா?"

கட்டி டப்பாவில்தான் இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். மூடிய கையைத் திறக்கவில்லை. அடி முடிந்ததும் அவன் துணிகளை அப்பாவே மூட்டை கட்டினார்.

மறுநாள் மலையிறங்கிக் கீழ்நாட்டுக்கு ரயிலேறினான். பிறகு எங்களுக்குக் கிடைத்தது அவன் இறந்த செய்திதான்.

புறப்படுமுன் என் கையைப் பிரித்து எதையோ வைத்தான்.

"எண்ணிக்கடா, சின்னவனே. சரியா இருக்குதா பாரு."

அந்தக் கட்டி கரைய வேண்டும் என்று வீட்டிலேயே அதிகம் தவித்தவன் அவன்தான் என்பது அன்று எனக்கு எட்டவில்லை. எண்ணினேன். எட்டு மிளகும் இருந்தன. திருட்டுப் போகவில்லை என்ற நிம்மதியோடு உள்ளே போய், அவற்றை டப்பாவில் போட்டு இறுக மூடினேன்.