கண்ணாடி இல்லாத கேமரா

கம்பெனி லென்ஸ் விலையில் கால்வாசிக்குக் கிடைக்கிறதே என்று போன வாரம் ஒரு தேர்ட் பார்ட்டி லென்ஸ் வாங்கினேன். "கண்ணுன்னு ஒண்ணு இருந்தாப் போதும்ணே, ஃபோகஸ் தானாப் போயிப் புடிச்சுக்கிரும்" என்றார் கடைக்காரர்.

இன்று காலை பரளச்சிப் பக்கம் ஒரு கோயிலில் கருப்பசாமி மண் சிலைக்குக் கண் திறப்பு. படம் எடுக்கப் போயிருந்தேன்.

சிலை செய்த வேளார் பிரஷ்ஷும் கையுமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நேரா நிக்காதீக தம்பி. சாமியோட மொதப் பார்வை கண்ணாடியிலதான் விழணும்."

"எங்கிட்ட இருக்கது மிரர்லெஸ்ணே, கண்ணாடியே இல்லாதது" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப இன்னும் தள்ளி நில்லுங்க."

ஓரமாகத்தான் நின்றேன். அதுவரை கேமராத் திரையில் ஃபோகஸ் கட்டம் வேளார் கண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கருவிழி வைத்ததும், தாவிப் போய்ச் சாமி கண்ணில் உட்கார்ந்தது. சாமிக்கு நேர் முன்னால் கண்ணாடியைக் காட்டினார்கள். ஆனால் எடுத்த எல்லாப் படத்திலும் சாமி பார்ப்பது என் லென்ஸைத்தான்.

வீட்டுக்கு வந்து மகளை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். கட்டம் அவள் முகத்துக்கு வரவே இல்லை. அவளுக்குப் பின்னால், யாருமில்லாத வாசலில், ஆள் உயரத்தில் போய் நின்றது.

கடைக்காரருக்கு போன் போட்டேன். "அப்டேட் வந்திருக்குண்ணே. போட்டாச் சரியாயிரும்" என்கிறார்.

போட்டால் கட்டம் போய்விடும், சரி. வந்து நிற்கிறவர் போவாரா? அப்டேட் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.